ஏப்ரலில் எனக்கு ஒரு நாற்காலி

பஃபலோ,
செவ்வாய் இரவு

அன்புள்ள வெண்டலுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள். டில்லி இப்போதுதான் தொட்டிலில் கண்ணயர்ந்தாள். போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ எதையாவது சொல்லிச் சிரிக்கவைத்துவிடுவாய், கேட்க வந்தது எனக்கு மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. டில்லிக்குக் கீழ்ப்பல் இரண்டும் எட்டிப்பார்த்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை உடம்பு சுட்டது. பயந்துபோய் டாக்டர் அலுவலகத்தைக் கூப்பிட்டால், எடுத்த நர்ஸ், "பல்லு வர்றப்ப லேசா சுடத்தானே செய்யும், இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?" என்றாள். ஒருவர் தெரியாது என்று சொன்னால் மற்றவர் புருவத்தைத் தூக்கக் கூடாது என்று நீ போயிருக்கும் அந்தப் புரோகிராமர்கள் பட்டறையில் ஒரு விதி உண்டே, அதை இந்த ஊருக்கும் கொஞ்சம் அனுப்பிவை. இப்போது சூடு இல்லை. இருந்தாலும் எழுந்து எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அடித்தளத்தில் இருக்கும், வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் மறுபடியும் முனக ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுத் திருமதி நோவாக் பியரோகி கொழுக்கட்டை கொண்டுவந்தபோது அதைக் காதுகொடுத்துக் கேட்டுவிட்டு, "இது இந்தக் குளிரைத் தாங்கிடும் கண்ணு. நீ தாங்குவியா, அதச் சொல்லு" என்றார். உன் அம்மாவும் பேசினார். "வீட்லயும் கம்ப்யூட்டர் முன்னாடிதான் உக்காந்திருந்தான். அங்க போயும் அதே கம்ப்யூட்டர்தான். வாத்தியார் இல்ல, பரீட்சை இல்ல, சர்டிபிகேட் இல்ல. அதுக்கு எதுக்கும்மா நியூயார்க்?" என்று கேட்டார். உனக்காக வாதாடினேன். வாத்தியார் இல்லாததுதான் அங்கே விசேஷம், அவரவருக்கு எந்தப் புரோகிராம் பிடிக்கிறதோ அதை எழுதலாம், பக்கத்தில் இருப்பவர்கள் தோள் கொடுப்பார்கள் என்று நான் சொல்லச் சொல்ல என் குரலே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. ஊருக்குப் போகாதவள் ஊரை வர்ணிப்பது மாதிரி இருந்தது.

போன வாரம் நீ சலித்துக்கொண்டாய், நினைவிருக்கிறதா? மதியம் முழுக்க புரோகிராமில் ஒரே ஒரு பிழையோடு மல்லுக்கட்டினேன், ஒன்றும் நகரவில்லை என்று. மதியம் முழுக்க! ஒரு காபியை ஆறுவதற்குள் குடித்து எனக்கு எத்தனை நாளாயிற்று தெரியுமா? உன் சலிப்பைப் பார்த்துக்கூட வயிறெரிகிறது வெண்டல். ஒரு பிழை என்னை அப்படி ஒரு மதியம் முழுக்கப் பிடித்து வைத்துக்கொள்ளாதா என்று இருக்கிறது.

அவரவர் செய்ததை மேடையேறிக் காட்டும் உங்கள் வியாழக்கிழமை நிகழ்ச்சியை நேரலையில் பார்த்தேன். டில்லியை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பா பாரு, அப்பா பாரு" என்று காட்டினேன். அவள் உன்னைப் பார்க்கவில்லை, என் மூக்குக்கண்ணாடியைத்தான் பிடுங்கினாள். ஆளுக்கு ஐந்து நிமிடம், மணி அடித்தால் எல்லோரும் விடாமல் கைதட்டிப் பேசுகிறவரை இறக்கிவிடுவார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். உன் முறை வந்தபோது, அங்கே உன்னோடு சேர்ந்து எழுதும் ஆட்ரியும் கூட ஏறினாள். ஏறும்போது உன் கையில் ஒரு குவளையைக் கொடுத்தாள். நீ கேட்கவில்லை. உனக்குப் பால் ஊற்றாத காபி என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இதையெல்லாம் நான் பார்த்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பார்த்தேன்.

நீங்கள் காட்டியது நம் பிக்கிளை. டில்லி வயிற்றில் இருந்தபோது சமையலறை மேசையில் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து உருவாக்கிய குட்டிக் கம்ப்யூட்டர் மொழி. செத்துப்போன பூனையின் பெயரையே அதற்கு வைத்தோம். மொழியின் இலக்கணம் உன்னுடையது. எழுதுகிறவர் தப்புச் செய்தால் எந்த வரியில், என்ன தப்பு என்று திட்டாமல் சொல்கிற பகுதி என்னுடையது. "இங்கே ஒரு அடைப்புக்குறி திறந்தே கிடக்கிறது, காற்று வருகிறது" என்று திரையில் வந்ததும் அந்தக் கூடமே சிரித்ததே! பின்வரிசையிலிருந்து யாரோ, "யாருப்பா இதை எழுதினது? இவ்வளவு நல்லா யாரும் என்னைத் திட்டினதில்ல!" என்று கத்தினார். நீ வாயைத் திறந்தாய். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. கைதட்டல். ஆட்ரி சிரித்துக்கொண்டே தலை குனிந்து வணங்கினாள். நீ இறங்கிவிட்டாய்.

லேப்டாப்பை மூடிவிட்டு டில்லிக்குப் பூசணிக்காய் மசித்தேன். மசிக்கத் தேவையே இல்லாத அளவுக்கு மசித்தேன்.

நேற்று மதியம் ஆட்ரி என்னைக் கூப்பிட்டாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். "பிழைச் செய்தி எழுதின பிரிஜிட் நீங்கதானே? வெண்டல் அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்ப எல்லார்கிட்டயும் சொன்னார். எனக்குத் தெரியாமப் போச்சு, சாரிங்க. சும்மா குனிஞ்சு கும்பிடு வேற போட்டேன்" என்றாள். நீ சொன்னாய் என்பது எனக்கு இப்படித்தான் தெரியவந்தது. எனக்கு ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான்கு நாள் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவளுக்கு ஒரு சிக்கல். ஏழாவது வரியில் தப்பு இருந்தால் பிக்கிள் எட்டாவது வரி என்கிறதாம். உதவ முடியுமா என்று கேட்டாள். இருவர் திரையிலும் ஒரே புரோகிராம். உங்கள் வழக்கப்படி அவள் தட்டுவது, நான் சொல்வது. டில்லி மடியில். கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப்போகட்டும் என்று நீங்கள் இரண்டு பேரும் புதிதாக வைத்த குறிப்பு வரியில்தான் கோளாறு. குறிப்பு முடிகிற இடத்தில் வரி எண்ணை நீயும் கூட்டியிருக்கிறாய், என் பகுதியும் கூட்டியிருக்கிறது. ஒரு வரியை இரண்டு பேர் எண்ணியிருக்கிறோம். சொன்னதும், "அட, நாங்க போன வாரத்துலேர்ந்து இதைத் தேடறோம்!" என்றாள். அப்போது டில்லி இரண்டு கையாலும் கீபோர்டில் அறைந்தாள். திரை முழுக்கக் கண்டபடி எழுத்து. கீழே பிக்கிள் பணிவாக, "இது எனக்குப் புரியவில்லை. உங்களுக்காவது புரிகிறதா?" என்று கேட்டது. நான் எப்போதோ எழுதியது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டில்லி பயந்து அழுதே விட்டாள்.

அந்தக் கொஞ்ச நேரம் நான் நானாக இருந்தேன் வெண்டல். ஆட்ரி மேல் இருந்த எரிச்சல் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. போன இடம் பிறகு தெரிந்தது. அப்படியே உன் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஏனென்றால் போனை வைக்கும்போது அவள் கேட்டாள். "ஏப்ரல்ல நீங்க வர்றதா இருந்துச்சே? வெண்டல் இன்னும் ஆறு வாரம் இருக்கலாமான்னு கேட்டிருக்காராமே. அப்ப நீங்க எப்படி வருவீங்க?"

நவம்பரில் நம் இருவருக்கும் அந்தப் பட்டறையில் இடம் கிடைத்தது. பால் குடிக்கிற குழந்தையை விட்டு நான் முதலில் போக முடியாது என்று நீ முதலில் போனாய். ஏப்ரலில் நான் அங்கே, நீ வீட்டில் டில்லியோடு. பேசி வைத்தது அதுதானே? இன்னும் ஆறு வாரம் அங்கே இருக்க உனக்கு ஆசை வந்ததை நான் குற்றம் சொல்லவில்லை. எனக்கு வராதா அந்த ஆசை? நேற்று ஒரு மதியத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அதை நான் ஆட்ரி வாயிலிருந்து கேட்டிருக்கக் கூடாது.

வருகிறேனா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் பட்டறைக்காரர்களுக்கு நான் உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும். டில்லிக்கு மசித்த பூசணி பிடிக்கும், தூங்க வைக்க இடது தோள்தான் வேண்டும், ஃபர்னஸ் முனகினால் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டு. இவ்வளவுதான், நீ கற்றுக்கொள்ளலாம். தெரியாது என்றால் நான் புருவத்தைத் தூக்க மாட்டேன்.

குளிரில் தொப்பி இல்லாமல் அலையாதே. டில்லியின் முத்தம் உனக்கு. என்னுடையதும்தான், கோபத்தோடு.

ஆட்ரியிடம் நான் யோசிக்காமல், "வர்றேன், எனக்கு ஒரு நாற்காலி போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டேன். என் வார்த்தையைப் பொய்யாக்கிவிடாதே. சீக்கிரம் பதில் எழுது.

உன்,
பிரிஜிட்