டிரையர் காட்டிய பொய்ச் சூடு

வெள்ளிக்கிழமை, இரவு.

ஈரேழு உலகத்திலும் எவனும் நம்பாத கதையைச் சத்தியம் செய்து எழுதுகிறேன்.

பெக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையரில் நகத்தளவு சென்சர் பூட்டியிருக்கிறார்கள். அதன் மேல் ஓடும் ஒலியலை மாறுவதை வைத்துத்தான் அது சூட்டை நம்பராகக் காட்டும்; ஆனால் அந்த அலை சூட்டுக்கும் மாறும், காந்தத்துக்கும் மாறும். இனிமேல் கையை வைத்துச் சூடு பார்க்கக்கூடாது என்பது பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயாவின் உத்தரவு. இன்று சென்சர் அதிகச் சூடு காட்டியது. டிரையர்காரன் மாரிமுத்து அதை நம்பி நெருப்பைக் குறைத்தான். தூள் அத்தனையும் ஈரமாக விழுந்தது.

"நாளையிலருந்து மலையில புல்லு வெட்டப் போ," என்றார் ஐயா.

மாரிமுத்து என் பக்கம் திரும்பினான். "மாமா, நீங்க பக்கத்துலதானே நின்னீங்க. நான் நம்பர் பாத்துத்தான் கொறச்சேன்னு சொல்லுங்க."

"சொல்றேன்யா," என்றேன். "காலையில கந்தப்பளையில விழுந்த மின்னல் நேரா இவன் மூளைக்குள்ள பூந்திருச்சுங்க. பூண்டுலோயா வரைக்கும் பொகை!"

எல்லோரும் சிரித்தார்கள். ஐயாவும் சிரித்தார். மாரிமுத்துவும் சிரிக்கப் பார்த்தான், வாய் கோணிக்கொண்டது. கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

மின்னல் பொய். புகை பொய். ஐயாவைக் கொஞ்சம் ஆட்டிப் பார்க்கலாம் என்று காலையில் சென்சருக்குப் பக்கத்தில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை ஒட்டியது நான். அது மட்டும் நிஜம்.