தீவில் நான் காத்த பை

22-8-1998, சனி. ஈஸ்ட் பிரன்ஸ்விக்.

வந்திருந்த ஆன்ட்டியிடம் இத்தாலிப் படங்களைக் காட்டி இவர் சொல்கிறார்: "காப்ரி தீவுக்கு சீப்பா ஒருநாள் போட் டிரிப் ஆன்ட்டி. இவ படகுத்துறையிலயே உக்காந்துட்டா. ஊர் பாக்கறதுல இன்ட்ரஸ்டே கிடையாது!" சிரிப்பு வேறு.

உட்கார வைத்தது யார்? டிக்கெட்டில் சாப்பாடு இல்லையென்று, ஏகாதசி விரதத்தோடு, ஓட்டல் அறையில் ரைஸ் குக்கர் வைத்துப் புளியோதரை கலந்தவள் நான். "பையைப் பாத்துக்கோ, பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்று பிள்ளைகளோடு மலைமேல் ஊரைப் பார்க்கப் போனவர், மூன்று மணி நேரம் கழித்து வந்தார். அவர்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் படகு கிளம்பச் சங்கு ஊதிவிட்டது.

மூன்று ரோல் படங்களையும் இப்போது தனியாகப் பார்த்தேன். ஒன்றில் அந்தப் பை இருக்கிறது. அதைப் பிடித்திருக்கும் என் கையும் இருக்கிறது. பெருமாளே, அவ்வளவுதான் நான்.