நாலாம் அடியில் ஒரு தப்பு

பத்தாம் மாதம், ஆறாம் நாள் – சூசோ
முட்டைக்கோஸை உப்பில் போட்டு ஜாடியை மூடினேன். லெய்ஜோவிலிருந்து கடிதம் இல்லை. போன வருஷம் இதற்குள் வந்துவிட்டது. மந்திரியை எதிர்த்து மனு எழுதினார் என்று என் கணவரைச் சீன தேசத்தின் தென்கோடியிலுள்ள அந்த ஊருக்கு விரட்டி ஐந்து வருஷம் ஆகிறது. வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் அந்த மனுஷன்.

பத்தாம் மாதம், பத்தொன்பதாம் நாள்
கடிதம்!

வழக்கம்போல நாலடிக் கவிதை. அடிகளின் கடைசியில் வரும் அவருடைய இயைபுச் சொற்களையே அதே வரிசையில் வைத்து நான் பதில் எழுத வேண்டும். கல்யாணமான மாதம் தொடங்கிய விளையாட்டு. இதுவும் இல்லாவிட்டால் இந்த ஐந்து வருஷத்தை எப்படித் தாங்கியிருப்பேன்?

மொட்டுகள் பார்த்திருக்கட்டும் கிழக்கு;
படகுப் பாயை நிறைக்கட்டும் காற்று;
பனி உருகும் நாளில் கதவைத் தட்டுவான்,
பெண்ணே, உன் மனிதன்.

தம்பி ஜூ வாங்கிப் படித்தான். "அக்கா, அத்தான் வர்றாரு! எழுதியே குடுத்துட்டாரு. அழுவியா சிரிப்பியா, ஏதாச்சும் ஒண்ணு பண்ணு." இரண்டும் பண்ணினேன்.

பத்தாம் மாதம், இருபதாம் நாள்
பதில் எழுத உட்கார்ந்தேன். ஓடவில்லை. முதல், இரண்டாம், நாலாம் அடிகள் ஒரே ஓசையில் முடிய வேண்டும். எங்கள் பேச்சில் 'கிழக்கு', 'காற்று' ஒட்டும். 'மனிதன்' ஒட்டாது. நூறு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அரசுத் தேர்வில் கவிதைக்கென்றே பெயரெடுத்தவர் செய்கிற தப்பா இது? ஜுரத்தில் எழுதினாரா? நினைவு தடுமாறுகிறதா? ஐயோ—

பத்தாம் மாதம், இருபத்தொன்றாம் நாள்
சாப்பிடவில்லை.

பத்தாம் மாதம், இருபத்துநான்காம் நாள்
படித்துறையில் காய்ந்த லிச்சி விற்கிறவர் லெய்ஜோக்காரர் என்று ஜூ சொன்னான். போனேன். "ஐயா, உங்க ஊர்ல 'கிழக்கு'ன்னு எப்படிச் சொல்வீங்க? 'மனிதன்'னு?"

சொன்னார். இரண்டும் ஒன்றுபோல முடிந்தன.

"லிச்சி வாங்க வந்தியாம்மா, என் நாக்கை வாங்க வந்தியா?" படித்துறையே சிரித்தது. லிச்சி வாங்காமலே திரும்பினேன்.

என் கணவர் காதுக்கு அந்த நாலாம் அடி தப்பே இல்லை. கவிதை 'வருகிறேன்' என்கிறது. நாக்கு அங்கேயே குடியேறிவிட்டது. யார் சொல்லிக் கொடுத்த பேச்சு? எவள் அடுப்படியில் உட்கார்ந்து கற்றது?

பத்தாம் மாதம், இருபத்தைந்தாம் நாள்
லெய்ஜோவுக்குப் போகிறேன் என்று ஜூவிடம் சொன்னேன்.

"அவரேதான் வர்றாரே?"

"மன்னிப்பு ஆணை வந்துச்சாடா அவர் கிளம்புறதுக்கு? அவர் எழுதினது வெறும் ஆசை. அஞ்சு வருஷம் கழிச்சும் ஆசைப்படறாரே, அதுக்காகத்தான் போறேன்."

"அங்க வேற யாராச்சும் இருந்தா?"

"நேர்ல பாத்து நல்லாத் திட்டிட்டு வர்றேன்."

தலையில் அடித்துக்கொண்டான். பிறகு தன் துணியையும் மூட்டை கட்டினான்.

இரண்டாம் மாதம், மூன்றாம் நாள் – லெய்ஜோ
மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஏழு படகு மாறினோம். நேற்றுப் பிற்பகல் வந்து சேர்ந்தோம்.

ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு கிண்ணம், ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சி. இரண்டாவது கிண்ணம் இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் தேடியது. இப்போது வெட்கமாக இருக்கிறது. எலும்பும் தோலுமாக வாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். வந்தது இந்த ஊர்ப் பேச்சு. அவரே திடுக்கிட்டுப் போனார்.

"நாலாம் அடியில இயைபு தப்பு," என்றேன், அழுதுகொண்டே.

"தப்பா? சரியாத்தானே..." முணுமுணுத்துப் பார்த்தார். உதடு கோணியது. "மீன்காரன், தண்ணிக்காரன், இவங்க கூடத்தான் பேச்சு. நம்ம பேச்சு பேச இங்க எனக்கு யாரும்மா இருந்தா?"

இரண்டாம் மாதம், நான்காம் நாள்
காலையிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். நடுநடுவே சொல் கிடைக்காமல் நின்றுவிடுகிறார். நான் எடுத்துக் கொடுக்கிறேன்.