நீ பார்த்த தவளை

அக்கா,

இன்று காலை எங்கள் தெருவில் போர் போட்டார்கள். பாறையைத் துளைத்து வந்த சாம்பல் நிறச் சேறு வாசல்வரை வழிந்தது. அந்த ஈரக்கல் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது.

அறுபதுகளின் கடைசி அது. கெலமங்கலம் ரோட்டுக்காக நாம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஜல்லி உடைத்தோம். சுத்தியல் பிடிக்கத் தெரியாமல் முதல் வாரமே விரலை நசுக்கிக்கொண்டேன். மேஸ்திரி பார்க்காத நேரத்தில் உன் குவியலிலிருந்து அள்ளி என் குவியலில் போட்டவள் நீ.

அன்று வெயில் ஏறியிருந்தது. புங்கமரத்துத் தூளியில் என் கைக்குழந்தை அழ, எழுந்து போய் ஆட்டிக்கொண்டிருந்தேன். "அய்யோ, இங்க வந்து பாரு!" என்று கத்தினாய். ஓடி வந்தபோது தலையளவு கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடுவில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பொந்து. பக்கத்தில் வெளிறிப்போன சின்னத் தவளை ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கல்லுக்குள்ளிருந்து வந்தது என்றாய்.

கூட்டம் கூடிவிட்டது. மேஸ்திரி வந்தார். "கல்லுக்குள்ள எப்படி உசுரோட இருக்கும்? வேலைய நிறுத்தக் கதை கட்டறியா? நாளைலேர்ந்து வராத!"

கோபத்தில் உனக்குத் தமிழ் போய், உன் வீட்டுத் தெலுங்கு வந்துவிட்டது. கூட்டம் மெல்ல விலகியது. என் வேலையும் அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டேன்: "நானும் பாத்தேனுங்க. பொளந்தப்ப உள்ளதான் உக்காந்திருந்துச்சு."

அவர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி சரி, போயி வேலையப் பாருங்க."

சாயங்காலம் தவளையை ஈரத்துணியில் சுற்றி ஏரிக்கு எடுத்துப் போனோம். தண்ணீரில் விட்டபின் கேட்டாய். "நெஜமா நீ பாத்தியா?"

"இல்லக்கா. கொழந்தகிட்ட இருந்தேன்."

"அப்புறம் ஏன் சொன்ன?"

"நீ பாத்தேன்னு சொன்னியே."

குழந்தையை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீடுவரை நீயே தூக்கி வந்தாய்.

அந்தக் குழந்தை இப்போது பேரன் எடுத்துவிட்டான். "எங்கியாவது வெடிப்பு இருந்திருக்கும்மா. குட்டியா இருக்கறப்ப உள்ள போயிருக்கும்" என்கிறான். இருக்கலாம். "நீ பாத்தியா?" என்று கேட்டால் மட்டும், பார்த்தேன் என்றே சொல்கிறேன். பொய் சொல்வதாகத் தோன்றுவதே இல்லை. கல் பிளப்பதும், பொந்துக்குள் அது காலை மடக்கி உட்கார்ந்திருப்பதும், வெயில் பட்டதும் மெல்லக் கண் திறப்பதும் அப்படியே தெரிகின்றன. எல்லாம் நீ பார்த்தது, அக்கா.