சுப்பிரமணியின் வாயைத் திறந்து பார்க்க வேண்டி

அனுப்புநர்:
ஆ. செண்பகம்,
க/பெ. காலஞ்சென்ற ஆதிகேசவன்,
ஆரம்பாக்கம், பொன்னேரி தாலுகா.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
செங்கற்பட்டு மாவட்டம்.

பொருள்: தொழிற்சாலை மருந்தகத்தில் வாயைப் பார்க்காமலே மருந்து கொடுத்தனுப்புவது – என் கணவரின் தம்பியைச் சென்னையில் பரிசோதிக்க உத்தரவு வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ஆதிகேசவன் கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்து, சென்ற ஆவணியில் வாய்ப் புற்றுநோயால் காலமானார். தொழிற்சாலையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அங்கேயே வேலை செய்யும் அவர் தம்பி சுப்பிரமணிக்கு வேலை போய்விடும். தாங்கள் அழைத்துக் கேட்டால் நேரில் சொல்கிறேன்.

2. உள்ளே நெருப்பு ஆகாது என்று பீடியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் ஆட்கள் வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள். என் கணவர் இடது கன்னத்தில் அடக்குவார். அங்கேதான் வெள்ளைத் திட்டு வந்தது. வெற்றிலை போடுகிற வாய் சுண்ணாம்பில் வெந்துபோவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் நடப்பது. தேங்காய் எண்ணெய் தடவினால் ஆறிவிடும். இதுவும் அதுதான் என்று நினைத்தோம்.

3. நாங்கள் படிக்காதவர்கள், நினைத்தது போகட்டும். மருந்தகத்தில் இருப்பவரும் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. வெற்றிலை போடுவாயா என்று மட்டும் கேட்டு, சுண்ணாம்புப் புண் என்று வாயில் தடவ ஊதா மருந்தைக் கொடுத்தனுப்பினார். போகும்போதெல்லாம் அதே மருந்துதான். "வலிக்கவே இல்ல, இதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு" என்று என் கணவரும் இருந்துவிட்டார். நான் பெரியபாளையத்து அம்மன் கோயிலில் வேப்பஞ்சேலை கட்டி வேண்டிக்கொண்டேன். காரம் ஆகாமல் மோர்ச்சோறு மட்டும் கேட்டார். பிறகு வாயே திறக்க வரவில்லை, மோரும் இறங்கவில்லை. சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, வெள்ளையாக இருந்தபோதே வந்திருந்தால் பிழைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன் ஐயா.

4. சென்ற வாரம் சுப்பிரமணி குழம்பை ஒதுக்கிவிட்டு மோர் கேட்டார். கொழுந்தன் என்றும் பார்க்காமல் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். இடது கன்னத்தில் தயிரேடு ஒட்டியதுபோல் வெள்ளை. துணியால் துடைத்தேன், வரவில்லை. மருந்தகத்தில் மறுபடியும் சுண்ணாம்புப் புண் என்றார்களாம், ஊதா மருந்து கொடுத்தார்களாம். லீவு கிடையாதாம். சென்னைக்கு வா என்று கெஞ்சினால், அண்ணன் சொன்ன அதே வார்த்தையைச் சொல்கிறார். வலிக்கவில்லையாம்.

5. ஆகவே, சுப்பிரமணியைச் சென்னை ஆஸ்பத்திரியில் காட்டும்படி தாங்கள் கையெழுத்திட்ட உத்தரவு ஒன்று அருள வேண்டும். என் பேச்சுக்கு வராதவர் சர்க்கார் காகிதத்துக்கு வருவார். கம்பெனியும் லீவு கொடுக்கும். தொழிற்சாலை மருந்தகங்களில் வாயைத் திறந்து பார்த்த பிறகே மருந்து கொடுக்கவும் கட்டளையிட வேண்டுகிறேன்.

அவருக்கு இன்னும் வாய் நன்றாகத் திறக்கிறது ஐயா. அது மூடிக்கொள்வதற்குள் யாராவது பார்க்க வேண்டும்.

இடம்: ஆரம்பாக்கம்
நாள்: 12-3-1979

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஆ. செண்பகம்