கயிறும் இன்சூரன்ஸும் ஒரே வாரத்தில்

ஜூன் 18, புதன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. நாற்றுக் கூடாரத்துக்குள் நிற்க முடியவில்லை. பொம்மிடிக்குத் தக்காளி நாற்று கொண்டுபோய் இறக்கினேன். வரும்போது ஒரு கரும்பு டிராக்டர் பின்னாலேயே ஊர்ந்தேன். முந்தியிருக்கலாம். இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

வேலைகள்: கத்தரி விதை. பாப்பாவின் சைக்கிள் டியூப். அத்தைக்கு மூட்டுத் தைலம். கார் இன்சூ.!!! (24-ந் தேதியோடு முடிகிறது.)

பழைய டைரியைக் கரையான் தின்றுவிட்டது. ஆகவே புதுசுக்கு முன்கதை. டிசம்பரில் சொந்தக்காரர் வீட்டுக் கறி விருந்து. இவர் குடித்துவிட்டுக் காரை எடுத்தார். பாலக்கோடு சந்தை வாசலில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த காலித் தக்காளி கிரேடுகளில் (பிளாஸ்டிக் கூடைதான்) விட்டார். யாருக்கும் அடியில்லை, முனியப்பன் காப்பாற்றினான். எதிரிலேயே போலீஸ். ஊதச் சொன்னார்கள், ஊதினார். கோர்ட்டில் அபராதம், ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது. ரிப்பேருக்குக் கேட்டால், குடித்து ஓட்டினால் ஒன்றும் தரமாட்டோம் என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிட்டது. நியாயம்தான்.

அத்தை மட்டும் இன்றுவரை, "எம் புள்ள கூடையத்தான இடிச்சான், கோபுரத்தயா இடிச்சான்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகுதான் நான் ஓட்டக் கற்றுக்கொண்டது. லைசென்ஸ் எடுத்தது. இப்போது பென்னாகரம் வரைக்கும் என் பெயர் 'நாத்துக்காரக்கா'. மாதையன் நர்சரி என்று இவர் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. இவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம். எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.


ஜூன் 19, வியாழன்

மேகம். மழை இல்லை.

முனிராஜ் வந்தான். இவருடைய பங்காளி முறைத் தம்பி, தர்மபுரியில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். நல்லவன், ஆனால் டீயை ஆற வைத்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவான்.

பழைய கம்பெனி இந்த முறை மூன்றாம் ஆளுக்கான இன்சூரன்ஸ் மட்டும்தான் போடுமாம். அதாவது நாம் யாரையாவது இடித்தால் அவர்களுக்குக் கிடைக்கும், நம் வண்டி நொறுங்கினால் நம் தலையெழுத்து. முழு இன்சூரன்ஸ் கேட்டால், போன வருஷக் கதையைப் பார்த்துவிட்டு யோசிக்கிறார்களாம்.

"வேற கம்பெனி ஒண்ணு இருக்குது அண்ணி. கேஸ் ஏதாவது உண்டான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடலாம், யாருக்குத் தெரியப் போவுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொன்னார்: "இருக்குதுன்னே சொல்லுடா. சந்தையே நின்னு பாத்துச்சு. அப்பறம் ஏதாவது ஆனா, மறச்சதச் சொல்லியே கம்பெனிக்காரன் கைவிரிச்சிடுவான்."

அட என்று இருந்தது. ஆறு மாதத்துக்கு முந்தைய ஆளாக இருந்தால், "முனிராஜு, நீ பாத்துக்க" என்றிருப்பார்.

முனிராஜ் அடுத்த வழி சொன்னான். "அப்பன்னா வண்டிய அண்ணி பேருக்கு மாத்திடுங்க. அவங்க பேர்ல எந்தக் கேசும் இல்ல. பேருக்குத்தான், ஓட்டறது அண்ணன் ஓட்டட்டும்."

பேருக்குத்தான் என்றதும் எனக்கு ஏறிவிட்டது. "பேரு எனக்குன்னா சாவியும் எனக்குத்தான் தம்பி. ஓட்டறவரு பேருலயே போடு. கெடைக்கறது கெடைக்கட்டும்" என்றேன். இவர் கூரையைப் பார்த்தார். முனிராஜ் ஆறிய டீயைக் குடித்தான்.


ஜூன் 20, வெள்ளி

நர்சரியில் குழித்தட்டு கழுவும் நாள். கை முழுக்கத் தென்னை நார்த்தூள்.

அத்தை வழக்கம்போல் காருக்குப் பூஜை. வாரம் தவறுவதில்லை. சந்தனம், குங்குமம், பானெட் மேல் கற்பூரம். கிரேடில் இடித்த பிறகு சந்தனத்தின் அளவு இரண்டு பங்கு ஆகிவிட்டது.

எழுதாமல் விட்ட ஒன்று. இவர் கையில் ஒரு சிவப்புக் கயிறு. கோர்ட்டில் அபராதம் கட்டின பிறகு வந்த அமாவாசையில் ஏரிக்கரை முனியப்பன் கோயிலுக்குப் போய், இனிக் குடிப்பதில்லை என்று கட்டிக்கொண்டது. இந்தப் பக்கத்தில் பாதி ஆம்பளைகள் அப்படித்தான் நிறுத்துகிறார்கள். டாக்டருக்கு அடங்காதவன் முனியப்பனுக்கு அடங்குவான். கயிறு கையில் இருக்கும்வரை ஒரு சொட்டு தொடமாட்டார்கள், அதில் மட்டும் நாணயம்.

ஆனால் பூசாரி எத்தனை மாதத்துக்கு என்று கேட்டபோது இவர் என்ன சொன்னார்? "கோர்ட்டுல ஆறு மாசம் சொல்லிருக்காங்க. அதையே போட்டுக்கங்க."

முனியப்பனை மாஜிஸ்திரேட்டுக்கு அசிஸ்டெண்டாக ஆக்கின மனுஷன் உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான். அன்றைக்குச் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை லைசென்ஸ் கைக்கு வருகிறது. புதன்கிழமை அமாவாசை, கயிறு அவிழ்க்கும் நாள். வண்டியும் பாட்டிலும் ஒரே வாரத்தில் திரும்பி வருகின்றன.

பயமாகத்தான் இருக்கிறது. இதை வேறு யாரிடம் சொல்வது?


ஜூன் 22, ஞாயிறு

கறி எடுக்கவில்லை. பருப்பு கடைந்து, கத்தரிக்காய்க் கொத்சு.

என் தம்பி கோவிந்தனிடமிருந்து இவருக்கு போன். ஸ்பீக்கர் போடாமலே தெரு முழுக்கக் கேட்கும் குரல். "மாமா! புதன்கெழம கயிறு அவுக்கறீங்க இல்ல? வத்தல்மலை அடிவாரத்துல ஆடு சொல்லிட்டன். நம்ம பசங்க எல்லாரும் வரானுங்க. ஆறு மாசம் காஞ்சி கெடந்தீங்க, பாவம்!"

என் கூடப் பிறந்தவன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்.

இவர் "ம்" என்றார். "சரி" என்றார். "பாக்கலாம்டா" என்றார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. கூடாரத்தில் போய் நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தார், காலையில் விட்ட தட்டுக்கே மறுபடியும்.

கேட்கலாமா என்று இரண்டு தடவை வாய்வரை வந்தது. கேட்டால் சண்டை போடுவார், இல்லை சத்தியம் செய்வார். எனக்கு இரண்டும் வேண்டாம். கார் சாவியை ஆணியிலிருந்து எடுத்து என் தையல் டப்பாவில் போட்டேன்.


ஜூன் 23, திங்கள்

தூறல். மண் வாசனை. மனசு தானாகவே நன்றாக இருந்தது.

ஆர்டிஓ ஆபீசில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். இவர் அதைச் சட்டைப் பையில் வைத்தார், எடுத்துப் பார்த்தார், மறுபடி வைத்தார். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிள்ளையின் முகம். வெளியே வந்ததும் கையை நீட்டினார்.

"சாவி?"

"இன்சூரன்ஸ் வரட்டும்."

"பழசு நாளைக்கி வரைக்கும் இருக்குதே செல்வி."

"வரட்டும்ங்கறன் இல்ல?"

"உள்ள ஒரு ஆர்டிஓ, வெளிய ஒரு ஆர்டிஓ" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். கோபம் இல்லை. நல்ல மனுஷன்தான். அதனால்தான் இவ்வளவு பாடும்.

வழியில் வடை, டீ. முனிராஜ் போன்: புது கம்பெனி ஒத்துக்கொண்டதாம், உண்மையைச் சொன்ன பிறகும். தொகை கூடுதல். எவ்வளவு என்று இங்கே எழுதமாட்டேன், படிக்கும்போதெல்லாம் வயிறு எரியும். நாளை வண்டியைப் பார்க்க ஆள் வருவார்.


ஜூன் 24, செவ்வாய்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுதுகிறேன்.

கம்பெனி ஆள் வந்தார். நடுவயசு, கண்ணாடி, வெயிலுக்குத் தலையில் கைக்குட்டை. கையில் போன். நாலு பக்கமும் படம் எடுத்தார். பிறகு, "சேசிஸ் நம்பர் காட்டுங்க" என்றார். பானெட்டைத் திறந்தால் நம்பரைக் காணோம். நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சந்தன மலை. வெளியே மட்டும்தான் என்று நினைத்தேன், அத்தை உள்ளேயும் வைத்திருக்கிறார். வாரா வாரம் வைத்து, இஞ்சின் சூட்டில் காய்ந்து, செங்கல் மாதிரி.

"இதான் வண்டியோட நெத்தின்னு எம் புள்ள சொன்னான்" என்றார் அத்தை.

தோசைக் கரண்டி கொண்டுவந்து சுரண்டினேன். வரவில்லை. தேங்காய் எண்ணெய் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தோம். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. ஒவ்வொன்றுக்கும் பாப்பா கைதட்டினாள். அத்தைக்கு மட்டும் சாமி சிலையைச் சுரண்டுகிற மாதிரி முகம்.

அப்புறம் பானெட் மேலிருந்த கறுப்பு வட்டத்தை அவர் காட்டினார். "இது இடிச்சதுங்களா?"

"இல்லீங்க. கும்புட்டது" என்றார் இவர். "கற்பூரம்."

அந்த மனுஷனுக்கு அடக்க முடியவில்லை. போனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சிரித்தார்.

பிறகு இடது பக்கக் கதவில் ஒரு கீறல். மார்ச் மாதம் கூடாரக் கம்பத்தில் நான் உரசினது. யாருக்கும் தெரியக் கூடாதென்று அதன் மேல் நாற்று விளம்பரம் ஒட்டி வைத்திருந்தேன், அது பாதி உரிந்துவிட்டது.

"அது எங்க வூட்டுக்காரம்மா கம்பத்துல ஒரசினதுங்க" என்றார் இவர், வெகு சாதாரணமாக. "மார்ச்சுல."

இவருக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தையே பார்த்த இடிக்கு நான் எத்தனை வார்த்தை கேட்டேன். இரவுச் சமையல் முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

முனிராஜ் கூடவே நின்று அவசரப்படுத்தினான். "இன்னைக்கே முடிக்கணும்ண்ணா. பழசு முடியறதுக்குள்ள புதுசு ஆரம்பிச்சிடணும். நடுவுல ஒரு நாள் கேப் விழுந்தாலும் எல்லாம் மொதல்ல இருந்து. அந்த ஒரு நாள்லதான் எவனாவது வந்து இடிப்பான்."

இவர் அதைத் திருப்பிக் கேட்டார். "ஒரு நாள் கூடக் கூடாதா?"

"ஒரு நாள் கூட."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு பாலிசி போனில் வந்துவிட்டது. முழு இன்சூரன்ஸ். எல்லாரும் கேசரி சாப்பிட்டோம். நாளைய நினைப்பு வந்தபோது என் கிண்ணத்தைப் பாப்பாவிடம் தள்ளிவிட்டேன்.


ஜூன் 25, புதன், அமாவாசை

மாலை எழுதுகிறேன். வெயில் இறங்கிவிட்டது, காற்று நன்றாக இருக்கிறது.

நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன். இவர் வழியெல்லாம் கயிற்றைத் திருகிக்கொண்டே வந்தார். ஏரிக்கரையில் கோவிந்தனும் அவன் கூட்டாளிகளும் பைக்கோடு நின்றார்கள். பந்திக்கு முந்துகிறவர்கள், பூஜைக்கும் முந்திவிட்டார்கள்.

பூசாரி கற்பூரம் காட்டினார். கத்தரிக்கோலை எடுத்தார். "கெடு முடிஞ்சிடிச்சி. அவுத்துடலாமா மாதையா?"

இவர் கையை நீட்டினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அவுக்கறதுக்கு முன்னாடி புதுசு ஒண்ணு கட்டிடுங்க சாமி" என்றார் இவர். "நடுவுல கேப் விழக்கூடாதாம்."

பூசாரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தூணிலிருந்து கையை எடுக்கவில்லை, எடுத்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

"எத்தன மாசத்துக்கு?"

"கோர்ட்டுக் கணக்கு வேணாம். வண்டிக் கணக்குல ஒரு வருஷம் போடுங்க. முடியறதுக்கு முன்னாடி நானே வரன்."

கோவிந்தன் அலறிவிட்டான். "மாமா! ஆடு அடிச்சாச்சே!"

"கறி திங்க வரன்டா. கயிறு கறிக்கு இல்ல."

புதுசு கட்டின பிறகுதான் பழசை வெட்டினார்கள். அந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு கோடு. புதுக் கயிறு அதன் மேலேயே போய் உட்கார்ந்தது.

வெளியே வந்ததும் நான் சாவியை நீட்டினேன். இவர் கேட்கவில்லை, நானாகத்தான். ஒரு நிமிஷம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். சீட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டார், கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். என் செட்டிங் எல்லாம் போயிற்று. நாளைக்கு மறுபடி மாற்ற வேண்டும். பொம்மிடி லோடு என்னுடையது, அதை விட்டுத்தர மாட்டேன்.

வண்டி கிளம்பியது. மெதுவாகத்தான் ஓட்டினார். சந்தை வாசலில் இன்றைக்கும் காலி கிரேடுகள் ஆள் உயரத்துக்கு. என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

இவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "பிரேக்கு எங்கிட்டத்தான் இருக்குது செல்வி."

தெரியும். அப்படியும் வீடு வரைக்கும் மிதித்துக்கொண்டுதான் வந்தேன்.