ஆடிக் காற்றில் பறந்த போர்வை

பேகம்பூர்,
திண்டுக்கல்.
22.7.2020, புதன்கிழமை.

அன்பு மருமகள் ரஃபியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தெருவை அடைத்திருக்கும் தகரத்துக்கு உள்ளே நான், உன் ஹாஃபிஸா மாமி, உன் அம்மா மூவரும் நலம். சென்னையில் நீயும் மாப்பிள்ளை வாஜித்தும், எட்டு மாதமாக வாடகையில்லாமல் உள்ளே குடியிருக்கும் அந்த வாண்டும் நலமாயிருக்க துஆ செய்கிறேன்.

இப்போது நான் சொல்லப்போவது இவ்வுலகில் ஒருவரும் நம்பாத கதை. நம்ப மாட்டார்கள் என்று இப்போதே சத்தியம் செய்கிறேன். கொடைரோடு ஸ்டேஷனில் புறப்பட்ட ரயிலை நான் ஒற்றைக் கையால் பிடித்து நிறுத்தினேனே, அதெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

கையில் போன் இருக்கக் காகிதம் எதற்கு என்பாய். பதினேழு நாளாக நீ உன் அம்மாவின் போனை எடுக்கவில்லை. என் போனையும்தான். மாப்பிள்ளை மட்டும் எடுத்து, அவ தூங்குறா மாமா என்கிறார். காலையில் கேட்டாலும் தூங்குகிறாய், சாயங்காலம் கேட்டாலும் தூங்குகிறாய். அதனால் பிராங்க்ளினைப் பிடித்தேன். ஒட்டன்சத்திரத்துக் காய்கறியை வியாழக்கிழமைதோறும் சென்னைக்கு ஏற்றிப் போகும் லாரிக்காரன். மனிதனுக்குத்தான் இ-பாஸ் கிடைக்கவில்லை, முருங்கைக்காய்க்குக் கிடைக்கிறது. முருங்கைக்காயோடு முருங்கைக்காயாக இந்தக் கடிதமும் வருகிறது.

இங்கே என் நிலைமையைக் கேள். பக்ரீத்துக்கு இன்னும் பத்தே நாள்தான். மற்ற வருஷமாக இருந்தால் தோல் மண்டியில் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இந்த வருஷம் மூச்சு விடுவதைத் தவிர வேறு வேலையே இல்லை, அதையும் மாஸ்க் போட்டுக்கொண்டு விட வேண்டுமாம். மண்டிக்குப் பூட்டு, தெருவுக்குத் தகரம். முதலில் இருபத்தொரு நாள் என்றார்கள். அந்த இருபத்தொன்றை எண்ணி எண்ணி என் தாடி முழங்காலுக்கு வந்துவிட்டது, இன்னும் முடியவில்லை. ஹாஃபிஸா என்னை வெங்காயம் உரிக்க வைக்கிறாள். நான் உரித்த வெங்காயத்தை மட்டும் வரிசையாக வைத்தால் இங்கிருந்து நிலக்கோட்டை வரை போகும்.

சரி, கதைக்கு வருகிறேன். உனக்கு ஏழாம் மாதம் பிறந்ததுமே உன் அம்மா போர்வை தைக்க உட்கார்ந்துவிட்டாள். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பிறந்த பிள்ளைக்கு நாற்பது நாள் வரை புதுத்துணி ஆகாது. வீட்டு மனிதர்கள் உடுத்தி உடுத்தி மெத்தென்று ஆன பழைய துணியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒட்டுப்போட்டு, நாலடுக்காகத் தைத்து, அதில்தான் போட வேண்டும். தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வருவாய், வந்ததும் காட்டலாம் என்று ஒரு வார்த்தை உன்னிடம் சொல்லாமல் தைத்தாள்.

வெட்டத் துணி வேண்டுமே. முதலில் என் கைலி. ஏலே கிதரு, அது ரொம்ப நைஞ்சு போச்சு, இங்கிட்டுப் போடு என்றாள். இடுப்பில் இருக்கிறதே அக்கா என்றேன், வேற கட்டிக்கிட்டு வந்து போடு என்றாள். அப்படியே ஆறு கைலி போயிற்று. அடுத்த வீட்டுச் செபாஸ்தியம்மாள் தன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைச் சுவர் வழியாக எறிந்தார். உன் அத்தா மௌத்தாகும்வரை கட்டியிருந்த அந்தப் பச்சைக் கட்டம் போட்ட கைலியை, பத்து வருஷமாக யாரையும் தொடவிடாமல் வைத்திருந்ததை, அவளே எடுத்து வெட்டினாள். அன்றைக்கு மட்டும் நான் வேடிக்கை பேசவில்லை.

இதற்கிடையில் ஹாஃபிஸாவும் நம் தெரு முழுக்க மாஸ்க் தைக்கக் கிளம்பிவிட்டாள். தையல் மிஷின் மாஸ்க்குக்கு, கை ஊசி போர்வைக்கு. ஒரு துணி விழுந்தால் இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடிப்பார்கள். இந்த யுத்தத்தில் என் தலையணை உறை இரண்டாகக் கிழிந்து இரு நாடுகளுக்கும் போயிற்று. நான் இன்று வரை மொட்டைத் தலையணையில் தலை வைக்கிறேன். கேட்பார் இல்லை.

போர்வையும் வளர்ந்தது. எவ்வளவு என்று நினைக்கிறாய்? மலைக்கோட்டைக்குப் போர்த்தி, மீதியை அகரம் பக்கம் வயலுக்கு விரிக்கலாம், அம்புட்டுப் பெரிசு! அதைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடச் சொல்லி உன் அம்மா என் கையில் கொடுத்தாள். அது இந்த மாதம் ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

அப்போதுதான் வந்தது காற்று. நீ பார்த்த காற்று இல்லை. ஆடி பிறக்கப் பத்து நாள் இருக்கும்போதே பிறந்த குறைமாதக் காற்று. மொட்டை மாடியில் கிடந்த போர்வையைத் தூக்கியது. அது சிறகு விரித்துப் பேகம்பூரை ஒரு சுற்று, மலைக்கோட்டையை மூன்று சுற்று சுற்றியது. கழுகுகள் வழிவிட்டு ஒதுங்கின. கீழே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இ-பாஸ் இருக்கிறதா என்று அண்ணாந்து கேட்டார். கடைசியில் களைத்துப்போய் நம் தெரு முனைத் தகரத்தின்மேல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்த அந்தக் கணத்தில் மருந்து தெளிக்கிற வண்டி தெருவுக்குள் நுழைந்தது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். தகரம் முழுக்க அடித்தார்கள். வேலையே அதுதான், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன?

நான் ஓடிப்போய் எடுத்தபோது எல்லா நிறமும் வெந்து போயிருந்தது. திட்டுத் திட்டாக வெள்ளை, நடுவே மஞ்சள். இழுத்த இடத்தில் கிழிந்தது. ஆறு வாரத்து வேலை. உன் அத்தாவின் பச்சைக் கட்டம் எது என்று தேடினாள் உன் அம்மா. கிடைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நீ கூப்பிட்டாய். மூணாவது தடவையும் இ-பாஸ் இல்லேனுட்டாங்கம்மா, நான் எப்படிம்மா வாரது என்று அழுதாய். கையில் அந்தக் கந்தலை வைத்துக்கொண்டு அவள் என்ன சொன்னாள் என்று உனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற எனக்கும் தெரியும். நீ வரவே வேணாம், இங்க ஒனக்குன்னு ஒண்ணும் மிச்சமில்ல என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

ரஃபியா, அவள் உன்னைச் சொல்லவில்லை. போர்வையைச் சொன்னாள். போர்வை என்ற ஒன்று இருந்ததே உனக்குத் தெரியாதபோது, நீ அதை எப்படிப் புரிந்துகொள்வாய்? வீட்டில் இடமில்லை என்று எடுத்துக்கொண்டாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன். மறுநாளிலிருந்து அவள் தினமும் கூப்பிட்டாள். நீ எடுக்கவில்லை. இப்போது நான்கு நாளாக அவளும் கூப்பிடுவதில்லை. எடுத்தா என்னத்தப் பேசுறது என்கிறாள். உன் அம்மா உம்மு சல்மாவுக்குப் பேச்சு வராமல் போனதை இந்தத் தெரு இப்போதுதான் பார்க்கிறது. எனக்கு இந்த அமைதி பொறுக்கவில்லை. ஏலே என்று கூப்பிட ஆளில்லாமல் வெங்காயம் உரிப்பது எத்தனை கொடுமை தெரியுமா?

அந்தக் கந்தலைப் பிரித்து, மருந்து படாத துண்டுகளாக ஒன்பது தேற்றினாள். மடிப்புக்கு உள்ளே மாட்டியிருந்ததால் ஒரு விரல்கடை பச்சைக் கட்டமும் தப்பியிருந்தது. அதை நடுவில் வைத்து மறுபடி தைக்கிறாள். இந்தத் தடவை துணிக்கு என் பெருநாள் ஜிப்பா போயிற்று. நானே கொடுத்தேன். ஏன்டா என்றுகூடக் கேட்காமல் வாங்கிக்கொண்டாள்.

மூன்று ஓரம் முடிந்தது. நான்காவது ஓரம் திறந்தே கிடக்கிறது. மாப்பிள்ளை தொட்டில் வாங்கியிருப்பதாகச் சொன்னாராம் யாரோ. அதன் நீளம் அகலம் தெரியாமல் ஓரத்தை மூட முடியாதாம். மாப்பிள்ளையிடம் மாமியார் நேரில் பேசும் வழக்கம் நம்மிடம் இல்லை. நான் கேட்டால் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார். அதனால்தான் நான் கேட்கவில்லை. ஊசியைத் துணியில் குத்தியபடி அவள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டே.

இனி ஒன்று சொல்லிவிடுகிறேன். போர்வை மலைக்கோட்டை அளவு இல்லை, ஒரு பிள்ளைக்குப் போதுமான அளவுதான். ரயிலை நான் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. தாடி நெஞ்சுக்குக்கூட வரவில்லை. காற்று பொய், கழுகு பொய், போலீஸ்காரர் அண்ணாந்தது பொய். மொட்டை மாடிக்குப் போர்வை போகவே இல்லை. அங்கே ஹாஃபிஸா கூழ்வத்தல் பிழிந்து வைத்திருந்தாள். ஒரு வத்தலைத் தொட்டாலும் கையை ஒடிப்பேன் என்றாள். வத்தலை நகர்த்தச் சோம்பல், இருபத்தெட்டுப் படி ஏறவும் முழங்கால் வலி. தெரு முனைத் தகரத்தில் நல்ல வெயில் அடித்தது. நானே கொண்டுபோய் அதன்மேல் போட்டுவிட்டு, வீட்டுக்குள் வந்து டீ குடித்தேன்.

போர்வை பறந்த இந்தப் பெரிய கதையில் நிஜம் அந்தச் சின்ன இடம் மட்டும்தான். நீ கேட்ட அந்தச் சொல் என் டீயில் பிறந்தது. உன் அம்மா நான் சொன்னதை நம்பி இன்றைக்கும் காற்றைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவளிடம் நானே சொல்வேன். ஆனால் நீ பேசி முடித்த சந்தோஷத்தில் அவள் இருக்கும்போது சொன்னால்தான் உயிரோடு பக்ரீத் தொழுகைக்கு நிற்பேன்.

பிராங்க்ளின் அடுத்த வியாழக்கிழமையும் வருவான். போர்வை அவனோடு வர வேண்டும். தொட்டிலின் அளவை உன் அம்மாவிடம் மட்டும் சொல்லு தாயே. மாப்பிள்ளையைச் சொல்லவிடாதே. நீளம் இத்தனை, அகலம் இத்தனை, அவ்வளவு பேசினால் போதும். மிச்சத்தை அவள் பேசிக்கொள்வாள்.

அல்லாஹ் சுகப்பிரசவத்தில் உன்னையும் பிள்ளையையும் வேறு வேறாக்கி, இரண்டு பேரையும் சுகமாக வைக்கட்டும்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரும், உன் அம்மா மேல் பயமும் உள்ள
மாமன் கிதர் முகம்மது